மூன்று தடவை எண்ணுகிறவள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்தைக்குப் போகிற சந்தில், பழைய ஜீப் சாமான்கள் விற்கிற கடை ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஜீப்பின் முன்மூஞ்சியை மட்டும் வாசல் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு ஸ்டூலில், கையில் சாக்பீஸோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வாசலில் நாலு பேர் நின்று கத்தினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

எல்லோருக்கும் அவள் அக்காதான். அறுபது வயது மெக்கானிக்கும் அக்கா என்பார், மீசை முளைக்காதவனும் அக்கா என்பான். பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்று உயிரோடு இருந்திருந்தால், "எவன்டே எம் பேரக் கேட்டான்?" என்று சண்டைக்கு வந்திருப்பாள்.

நான் அப்போது குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரப்பர் எஸ்டேட் ஏலத்தில் விட்ட வண்டி, என்னைவிட மூத்தது. ரப்பர் ஷீட், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் அந்த ஒரு வண்டிதான். மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்துச் செம்மண் ஏற்றங்களில் வேறு எதுவும் ஏறாது. இந்த மாதிரி ஜீப்பின் நடுவயிற்றில் டிரான்ஸ்பர் கேஸ் என்று ஓர் இரும்புப் பெட்டி உண்டு. எஞ்சினின் இழுப்பை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பங்கு வைப்பது அதன் வேலை. அதில் 'லோ' என்று ஒன்று இருக்கிறது. போட்டால் வண்டி நத்தை மாதிரிப் போகும், ஆனால் சுவரில்கூட ஏறிவிடும். ஒரு நாள் அந்த லோவில் கடகடவென்று சத்தம் கேட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு கியரில் நாலு பல் ஒடிந்து கிடந்தது.

ஒடிந்த கியரைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வடசேரிக்கு பஸ் ஏறினேன். அக்காவை முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும் அக்கா. இருபத்தாறு பல்லாக்கும்."

"யாரு சொன்னா?"

"மெக்கானிக் சொன்னான்."

"எண்ணினானா?"

"இல்ல, வண்டி மாடலச் சொன்னேன். அத வச்சுச் சொன்னான்."

"ஆர்.சி. புக்குல மாடல் இருக்கும். பல்லு இருக்குமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கியரை மடியில் வைத்து, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டாள். வலது கட்டைவிரல் பல் பல்லாக ஏறி இறங்கியது. ஒடிந்த இடத்துக்கு வந்ததும் விரல் பல்லின் மிச்சமாக நின்ற ஒவ்வொரு குற்றியையும் தடவி நின்றது. "ஒடஞ்சாலும் அது பல்லுதான்" என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. ஒரு சுற்று முடிந்ததும் கோட்டை அழித்துவிட்டு வேறொரு பல்லில் கோடு போட்டு மறுபடி எண்ணினாள். மூன்றாவது தடவை எதிர்ப்பக்கமாக எண்ணினாள்.

"இருபத்தொம்பது. இதோட ஜோடி எங்க?"

"அது பெட்டிக்குள்ள நல்லாத்தான் இருக்கு அக்கா."

"அதையும் அந்த எண்ணத் தெரியாதவன்தான் சொன்னானா?"

மறுநாள் டிரான்ஸ்பர் கேஸையே ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். "உள்ள என்ன, ஆட்டுரலா?" என்று கேட்டு கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அக்கா அதை பெஞ்சில் ஏற்றி, ஒடிந்ததன் இடத்தில் தன்னிடமிருந்த ஒன்றை மாட்டி, உள்ளே வருகிற பக்கம் ஒரு கோடும் வெளியே போகிற பக்கம் ஒரு கோடும் போட்டாள். லோவில் வைத்து என்னைக் கையால் சுற்றச் சொன்னாள். வெளிப்பக்கம் ஒரு சுற்று முடிவதற்குள் உள்பக்கம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. இந்த ஜீப்புகளில் இரண்டு ஜாதி. ஒன்றில் இரண்டு சுற்று முழுசாகத் தேறாது. மற்றதில் இரண்டரை தேறாது. என்னுடையது இரண்டாவது ஜாதி. மெக்கானிக் சொன்னது முதல் ஜாதியை. எந்தக் காலத்திலோ யாரோ உள்ளே இருப்பதை மாற்றியிருக்கிறார்கள். புத்தகத்தில் அது ஏறவில்லை.

"அவன் சொன்னதப் போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"போடலாம். அரைகொறையா கடிச்சுக்கிட்டு மூணு ஏத்தம் ஏறும். நாலாவது ஏத்தத்துல, உள்ள ஆளு இருக்கும்போ, மிச்சப் பல்லையும் தின்னுரும்."

ஜோடியாக இரண்டையும் மாற்றித் தந்தாள். அந்த இரண்டும் இன்றுவரை ஒரு சத்தம் போட்டதில்லை.

அக்காவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எனக்கு ஏகப்பட்டது இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஒரே ஒரு மகள் இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதைத் தாண்டிக்கொண்டு போய் அக்காவின் வேடிக்கைகளை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு உரிமை இல்லை. வேடிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்ல முடியுமோ என்னவோ.

கடை அவள் கணவருடையது. மகளுக்கு ஆறு வயதாகும்போது அவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கடை நிறைய கியர். எது எதனுடைய ஜோடி என்று அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. முதல் மாதமே ஒரு வியாபாரி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி ஒரு கியரைத் தலையில் கட்டினான். அதை நம்பி இவள் விற்றாள். வாங்கினவன் நடுக்காட்டில் நின்றுவிட்டு வந்து, சந்தே கேட்கும்படி திட்டினான். அன்றோடு யார் சொன்னதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அது கடையோடு நிற்கவில்லை. சந்தையில் பத்து மாங்காய் என்று பையில் போட்டுத் தந்தால், ஓரமாக நின்று எண்ணாமல் நகர மாட்டாள். குலசேகரத்தில் மழை என்று யாராவது சொன்னால் எனக்குப் போன் வரும்: "அங்க பெய்யுகா?" யாராவது இறந்துவிட்டதாகச் சொன்னால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் "பாவம்" என்பாள். போனில் கியரின் போட்டோவைக் காட்டி, "இது எதுக்குள்ளது அக்கா?" என்று கேட்பவர்களிடம், "கல்யாணத்துக்கு ஆளு வராம போட்டோ மட்டும் வந்தா தாலி கெட்டுவியா?" என்பாள்.

எனக்கு நேர் எதிர்ப் புத்தி. எதற்கெடுத்தாலும் "சரியாவும்" என்று சொல்கிற ஆள் நான். வண்டி சத்தம் போட்டால் சரியாவும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சரியாவும். என் வீட்டுக்காரி இதற்காகவே என்னோடு பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அக்கா எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள். கடை வாசலில் தலை தெரிந்ததும், "வாடே, சரியாவும்!" என்பாள்.

திற்பரப்பில் ஒருத்தன், அருவிக்குக் குளிக்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவதற்காக ஒரு பழைய ஜீப்பை வாங்கிச் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டால் வண்டி குதிக்கும், ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். இரண்டு தடவை டிரான்ஸ்பர் கேஸ் உடைந்தது. மூன்றாவது வாங்க அக்காவிடம் வந்தான். அவள் தர மாட்டேன் என்றுவிட்டாள். கேட்பவனுக்கு விற்காத கடைக்காரியை அவன் அன்றுதான் பார்த்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அதே வெள்ளைச் சேலையோடு என் ஜீப்பில் ஏறித் திற்பரப்புக்கு வந்தாள். வண்டிக்கு அடியில் ஒரு பெட்ஷீட்டை விரிக்கச் சொல்லிப் படுத்துக்கொண்டாள். உள்ளூர் மெக்கானிக் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, டயரில் கோடு போட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். நடுவில் ஓடும் தண்டு எத்தனை சுற்று என்று எண்ணினான்.

"ரெண்டே முக்கால் அக்கா. இப்படி ஒரு கணக்கே கெடையாது. வண்டியில பேயாக்கும்."

"பேயி உனக்க தலையிலயாக்கும். ஒரு சக்கரத்தத்தான தூக்கியிருக்க? மத்தது மண்ணுல நிக்குல்லா? அப்பம் இது ரெண்டு சுத்து சுத்தினாத்தான் உள்ள ஒரு சுத்து."

மறுபடி எண்ணினார்கள். பின்னால் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் தூக்கி எண்ணினால் ஐந்துகூட முழுசாக வரவில்லை. மூன்று தடவையும் அதேதான். பின் அச்சை எவனோ வேறு ஜீப்பிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறான்.

அக்கா எழுந்து சேலையைத் தட்டினாள். "முன்னால ஒரு கணக்கு, பின்னால ஒரு கணக்கு. ரெண்டு பேரும் இழுத்தா நடுவுல கெடக்கது ஒடஞ்சுதான் போவும். அதுக்க மேல என்ன குத்தம்?"

"ஓடி ஓடிச் சரியாவாதா அக்கா?" என்று வண்டிக்காரன் கேட்டான்.

"அதுக்கு ஒரு ஆளு நம்ம கூட வந்திருக்கான். அவன்கிட்டக் கேளு" என்று என்னைக் காட்டினாள். திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

மகளின் பெயர் ஷீபா. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருந்தாள். அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவன் என்பதால் எனக்கு அவள் வைத்த முறை மாமா. சாயங்காலம் வேலை முடிந்து கடைக்கு வருவாள். அம்மா எண்ணிக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே, "இருபத்தி நாலா, முப்பத்தி ஏழா?" என்று காதில் சொல்லிக் குழப்புவாள். "ஏட்டி, போவியா!" என்று அக்கா சாக்பீஸை எறிவாள். கடையில் அந்தக் குறும்பைச் செய்ய அவள் ஒருத்திக்குத்தான் அனுமதி.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து சொந்த ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு என் ஜீப் போகிற வழியில், கடைசி ஏற்றத்தின் உச்சியில். அக்கா எண்ணாமல் இல்லை. சபையில் விசாரித்தாள், வீட்டை இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். பிறகு என்னைக் கடைக்குக் கூப்பிட்டாள்.

"மக்கா, நீ அவன டெய்லி பாக்கியே. ஆளு எப்படி?"

"நல்ல பையனாக்கும் அக்கா."

"வேற ஒண்ணும் விசாரிக்கண்டாமா?"

"எதுக்கு? கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்."

"நீ சொன்னா போதும்" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? என் ஜீப்பில் ஏறும்போது வயசானவர்களுக்கு முன்சீட்டை விட்டுக்கொடுப்பான். சட்டையில் மடிப்பு கலையாது. வாங்க, போங்க என்றுதான் பேசுவான். இவ்வளவுதான் தெரியும். ஒரு கியரைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்று சொன்னால் அக்கா என்னைக் கடையை விட்டுத் துரத்தியிருப்பாள்.

மூன்று ஞாயிறு வேதக்கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். யாராவது தடை சொல்வதானால் சொல்லலாம் என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. "மூணு தடவ வாசிச்சாச்சு" என்று அக்கா நிம்மதியாகச் சொன்னாள். அவளுக்கு உடன்பிறந்த ஆண்கள் கிடையாது. மாமன் முறைக்கு என்னைத்தான் நிறுத்தினாள். நெற்றியில் திருநீறு இருக்கிறதே, அழித்துவிட்டு வரட்டுமா என்று கோயில் வாசலில் கேட்டேன். "கெடக்கட்டும்டே, கர்த்தர் அதையெல்லாம் எண்ணிட்டா இருக்காரு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

கல்யாணம் முடிந்து ஏழாவது மாதம் ஷீபா ஒரு பையோடு வடசேரிக்கு வந்துவிட்டாள். இனிப் போக மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால் அழுதாள். பதினான்கு நாள் இருந்தாள். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சுடிதார்தான் போட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அக்காளும் சபையில் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். சின்ன வாய்த்தகராறு, புதுசில் இதெல்லாம் உள்ளதுதான் என்றார்கள். அவனும் வந்து, "எனக்கு கோவம் கொஞ்சம் கூடுதலாக்கும் அத்தே, இனி பாத்துக்கிடுகேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவர்கள் போன பிறகு அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"நீ என்ன சொல்லுக மக்கா? அனுப்பலாமா? எனக்கு ஒரே வெப்ராளமா இருக்கு."

நான் அப்போது டீக்கடையில் இருந்தேன். பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

"எல்லா வீட்டுலயும் உள்ளதுதான் அக்கா. அனுப்புங்க. சரியாவும்."

மறுநாள் மழை. மலைப்பாதையில் கார் ஏறாது. மகளைக் குலசேகரம் வரை பஸ்ஸில் கொண்டுவந்து, என் ஜீப்பில் ஏற்றிவிட்டு, "மாமா கூடத்தான போற, பயப்படாத" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். ஷீபா முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தார் ரோடு முடிகிற வரைக்கும் மழையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். செம்மண் தொடங்கியது. நாலு சக்கரத்தையும் சேர்த்து, லோவில் போட்டேன். அக்கா எண்ணித் தந்த பல்லெல்லாம் வெண்ணெயாகப் பிடித்து இழுத்தன. அவள் மகளை அவ்வளவு பத்திரமாக மேலே கொண்டுபோயின.

"மாமா, நான் குளிக்கப் போனா அவரு வாச்சு பாக்காரு" என்றாள்.

"என்னது?"

"எத்தன நிமிசம்ணு பாக்காரு. கூடிப் போனா..." என்று நிறுத்திவிட்டாள்.

"புதுசுல்லா மக்கா. சில பேரு அப்படித்தான். சரியாவும்."

ஏற்றத்தின் பாதியில் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"மாமா, வண்டியத் திருப்புங்க."

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஜீப்பின் அகலம்தான் ரோடு. "இந்த ஏத்தத்துல திருப்ப முடியாது மக்கா. மேல போயித் திருப்பலாம்" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அந்த இடத்தில் யாராலும் திருப்ப முடியாது. ஆனால் மேலே அவன் வீட்டுக்கு முன்னால் பெரிய பாறைத்திட்டு இருக்கிறது. நாலு ஜீப் திருப்பலாம். அவன் அங்கே குடையோடு நின்றுகொண்டிருந்தான். ஓடி வந்து பையை வாங்கி, அவளுக்குக் குடை பிடித்தான். "மாமா, ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்றான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு, ஏற்றத்தில் கேட்டதெல்லாம் சின்னப் பிள்ளையின் பயம் என்று ஆகிவிட்டது. சாயாவை ஷீபாதான் கொண்டுவந்து தந்தாள். தரும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். குடித்துவிட்டு, வண்டியை அதே பாறைத்திட்டில் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

பத்தொன்பதாவது நாள் காலை சேதி வந்தது. தானாகச் செய்துகொண்டாள் என்றார்கள். எப்படி என்பதை நான் எழுத மாட்டேன்.

உடலை வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்தாள். அழவில்லை. மகளின் உடலை விசாரணை அதிகாரி பார்த்து எழுதும்போது கூட நிற்க வேண்டும் என்றாள், விட்டார்கள். நான் திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றேன். சுடிதாரின் கையை அவளே சுருட்டி மேலேற்றினாள். அந்தக் கட்டைவிரல் மகளின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கியது. மறுகையிலும் இறங்கியது. உதடு அசைந்தது. மறுபடி மேலேயிருந்து, மறுபடி கீழேயிருந்து.

அதிகாரி, "காயம் ஏழு" என்று எழுதச் சொன்னார்.

"ஏழு இல்ல சார். பதினொண்ணு."

"ஏழுதாம்மா இருக்கு."

"புதுசு ஏழு. ஆறிப்போனது நாலு. ஆறினாலும் காயம்தான் சார். ஒருதடவ கூட எண்ணுங்க."

அவர் நல்ல மனிதர். மறுபடி எண்ணினார். பதினொன்று என்று திருத்தி எழுதச் சொன்னார்.

வெளியே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அந்த நாலு, அவ எங்கிட்ட வரும்போதே இருந்திருக்கு" என்றாள். "பதினாலு நாளு எங்கூட கெடந்திருக்கா. ஒருதடவ அந்தக் கையப் பிடிச்சு நான் பாக்கல்ல. வந்தவனெல்லாம் சொன்னதக் கேட்டுட்டு இருந்தேன்."

வந்தவனெல்லாம் என்று அவள் சொன்னதில் நான் இல்லை. என்னை அவள் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கடையைத் திறந்தாள். நான் போனேன். ஒரு கியரை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, வண்டியில வரும்போ அவ வல்லதும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல்ல அக்கா. மழையப் பாத்துட்டே வந்தா."

பயம், வேறு ஒன்றும் இல்லை. அவள் திருப்பச் சொன்னாள், நான் திருப்பவில்லை, மேலே போய்ச் சாயா குடித்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதிகாரி கேட்டபோதும் இதையே சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன்.

அக்கா எதையும் மூன்று தடவை கேட்கிறவள். இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று நிச்சயம் செய்துவைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் வடசேரிக்குப் போனேன். மாப்பிள்ளை மேல் போட்ட வழக்குக்கு அவளோடு கோர்ட்டுக்கும் போனேன். வாய்தா மேல் வாய்தா. கோர்ட் வராந்தாவில் மணிக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மழையைப் பற்றிப் பேசினாள், ரப்பர் விலையைப் பற்றிப் பேசினாள். அதை மட்டும் கேட்கவில்லை.

நாலு வருஷம் கழித்து, தீர்ப்பு வருவதற்கு முன்பே, ஒரு காலையில் நெஞ்சு வலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளை அடக்கம் செய்த வாரமே வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். முதலில் ஒன்று சொல்லி, பிறகு வேறொன்று சொல்கிற சாட்சியை எதிர்த்தரப்பு சும்மா விடாதாம். ஷீபாவின் புருஷன் இப்போதும் ஜாமீனில்தான் இருக்கிறான். அந்த ஏற்றத்துக்கு நான் வண்டி எடுப்பதில்லை. வீட்டுக்காரி கேட்டதற்கு ரோடு சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா போவதற்கு முந்தின மாதம் நடந்தது ஒன்று இருக்கிறது. கடையில் அவளும் நானும்தான். மார்த்தாண்டத்திலிருந்து ஒருத்தன் வந்து, என் வண்டியில் போட்ட அதே மாதிரி கியர் ஒன்று கேட்டான். அக்காவுக்கு முட்டுவலி, எழுந்திருக்கச் சிரமப்பட்டாள். "மக்கா, மேல்தட்டுல பாரு" என்றாள். நான் ஏறி ஒன்றை எடுத்தேன். பார்க்க அது மாதிரியே இருந்தது.

"இருபத்தொம்பதாக்கும் அக்கா" என்று சொல்லிக் கொடுத்தேன்.

வாங்கினாள். சாக்பீஸைத் தேடவில்லை. பழைய பேப்பரில் வைத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, எண்ணல்லியா?"

"நீ சொன்னேல்லா. பொறவு எதுக்கு?"

பொட்டலத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பிரித்தேன். அவள் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து எண்ணினேன். நடுவில் தப்பிவிட்டது. மறுபடி தொடங்கினேன். இருபத்தாறு.

"இருபத்தாறு அக்கா. நான் எண்ணவே இல்ல. சும்மா பாத்துட்டுச் சொல்லிட்டேன்" என்றேன். வந்தவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். இனி இதைவிட நேரம் வாய்க்காது என்று தோன்றியது. "அக்கா, அண்ணைக்கு வண்டியில ஷீபா..."

"அத நான் கேட்டாச்சு மக்கா" என்றாள். சத்தம் மெதுவாகத்தான் இருந்தது. "ஒண்ணும் சொல்லல்லன்னு நீ சொன்னேல்லா. எனக்கு அது போதும். வேற கேக்கண்டாம்."

என் தலையில் கையை வைத்து, அதையே பிடிமானமாக ஊன்றி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சரியான கியரைத் தேடி அவளே மேல்தட்டுப் பக்கம் போனாள்.